மண்ணா, தண்ணீரா? வகுப்பறையில் செடி வளர்த்து நியாயமாக ஒப்பிடுவது எப்படி

வகுப்பறை அறிவியல் திட்டங்களில் இந்தக் கேள்விக்கு எப்போதும் மவுசு உண்டு: மண்ணில் வளரும் செடி பெரிதாக வருமா, மண்ணே இல்லாமல் தண்ணீரில் (ஹைட்ரோபோனிக்ஸ் முறையில்) வளரும் செடி பெரிதாக வருமா? ஆறேழு வாரத்தில் முடிந்துவிடும். பெரிய கருவிகள் வேண்டாம். வேர் நீளுவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். வழக்கமாக என்ன நடக்கும் என்றால், ஒரு தொட்டியில் மண், ஒரு வாளியில் கரைசல், கடைசி நாளில் ஓர் அளவுகோல். தண்ணீர்ச் செடி நான்கு சென்டிமீட்டர் கூடுதல். "ஹைட்ரோபோனிக்ஸ் ஜெயித்தது" என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடுவார்கள்.

நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். அட்டை ஒட்டி முடித்த பிறகு ஒரு மாணவி மெதுவாகக் கேட்டாள்: "சார், தண்ணீர்ச் செடிக்கு மட்டும்தானே உரம் போட்டோம்? மண் செடிக்கு வெறும் தண்ணிதானே ஊத்தினோம்?" என்னிடம் பதில் இல்லை. ஆறு வாரம் வளர்த்து, உரம் போட்ட செடி உரம் போடாத செடியைவிட நன்றாக வளரும் என்று கண்டுபிடித்திருக்கிறோம். அது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்.

செடி வளர்ப்பது இந்தத் திட்டத்தில் சுலபமான பகுதி. ஒப்பீட்டை ஒழுங்காக அமைப்பதுதான் கஷ்டம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு அணிகள்

மண்ணை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைக்கும்போது, கூடவே பல விஷயங்கள் மாறிவிடுகின்றன. சத்து கிடைக்கும் விதம், வேருக்குக் காற்று கிடைக்கும் விதம், ஈரத்தின் அளவு, வேர்ப்பகுதியின் வெப்பம் எல்லாமே வேறாகிவிடும். அத்தனையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வகுப்பறையில் முடியாது. ஆனால் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிற உரத்தை மட்டும் எளிதாகப் பிரித்துவிடலாம். அதற்கு நான்கு அணிகள் வேண்டும்:

அ. மண்ணில் செடி, வெறும் தண்ணீர்
ஆ. மண்ணில் செடி, ஊட்டக் கரைசல் (சத்துகள் கரைத்த தண்ணீர்)
இ. தண்ணீரில் வேர், வெறும் தண்ணீர்
ஈ. தண்ணீரில் வேர், ஊட்டக் கரைசல்

அ அணியையும் ஆ அணியையும் பக்கத்தில் வைத்தால், மண்ணில் உரம் எவ்வளவு வேலை செய்தது என்று தெரியும். ஆ, ஈ இரண்டுக்கும் ஒரே கரைசல், வேர் இருக்கும் இடம் மட்டும் வேறு. நீங்கள் முதலில் கேட்க நினைத்த கேள்விக்கு இந்த ஜோடிதான் பதில் சொல்லும். அ, ஈ இரண்டை மட்டும் ஒப்பிட்டதுதான் நான் செய்த தப்பு.

இ அணியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அது ஏறக்குறைய பட்டினி கிடக்கும். ஆனாலும் அதை விட்டுவிடாதீர்கள், அதற்குப் பின்னால் நல்ல கதை இருக்கிறது. வான் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள ஒரு வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 77 கிலோவுக்கு வளர்ந்துவிட்டது. மண்ணில் குறைந்ததோ வெறும் 57 கிராம் அளவுதான். மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல் இது அச்சானது. 1699-ல் ஜான் உட்வர்ட் வேறு மாதிரி யோசித்தார். மழைநீர், ஆற்றுநீர், மண் கலக்கிய நீர் என்று பல வகைத் தண்ணீரில் புதினா வளர்த்து எடை போட்டார். மண் கலந்த நீரில் செடி அதிகம் வளர்ந்தது. தண்ணீர் மட்டும் போதாது, அதில் கரைந்திருக்கும் ஏதோ ஒன்றும் வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. உங்கள் இ, ஈ அணிகள் உட்வர்டின் சோதனையைத்தான் திரும்பச் செய்கின்றன. வான் ஹெல்மான்ட் கணக்கில் விட்டது எது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பதில் காற்று. செடியின் உலர் எடையில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறது.

ஓர் அணிக்கு எத்தனை செடி?

ஆறு இருந்தால் நல்லது, அப்போது மொத்தம் 24 பாத்திரம். இடம் இல்லையென்றால் நான்கு. மூன்றுக்கு இறங்க வேண்டாம். ஒன்று செத்துப்போனால் மீதி இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒவ்வொரு செடிக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். ஒரே பெரிய டப்பில் ஆறு தண்ணீர்ச் செடியை மிதக்க விட்டால் பார்க்க அழகாக இருக்கும், வேலையும் குறைவு. ஆனால் அந்த டப்பில் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) கெட்டால் ஆறும் சேர்ந்தே கெடும். ஆறு செடி இருந்தாலும் நீங்கள் சோதித்தது ஒரே ஒரு டப்பைத்தான். எங்கள் வகுப்பில் ஒரு வாரக் கடைசியில் காற்று பம்ப் நின்றுபோனது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் ஆறு செடியும் ஒரே மாதிரி தலை தொங்கிக் கிடந்தன. ஆறு தகவல் போய்விட்டதாகப் பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். போனது ஒரு தகவல்தான்.

எனவே பம்ப் இல்லாத முறையையே பரிந்துரைப்பேன். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி பரவலாக்கிய முறை இது. மூடிய பாத்திரத்தில் கரைசலை நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டுச் செடியை உட்கார வைத்துவிடுவது, அவ்வளவுதான். செடி குடிக்கக் குடிக்கக் கரைசல் இறங்கும். மேலே ஏற்படும் காலி இடத்தில் சில வேர்கள் காற்றை எடுக்கும், கீழே உள்ளவை தண்ணீரையும் சத்தையும் எடுக்கும். மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது, விடுமுறையிலும் பயமில்லை.

எந்தச் செடி?

லெட்டூஸ் (சாலட்டில் போடும் கீரை) அல்லது பேசில் (துளசி இனத்து வாசனைச் செடி). இரண்டுமே சீக்கிரம் வளரும், இரண்டு முறையிலும் ஒத்துழைக்கும், இலையைத்தான் எடை போடுகிறோம் என்பதால் பூ, காய் வரை காத்திருக்க வேண்டாம். அறை வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடமென்றால் லெட்டூஸ் விதை முளைக்க அடம்பிடிக்கும். அங்கே பேசில்தான் சரி. லெட்டூஸ் விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள். பல ரகங்களுக்கு முளைக்க வெளிச்சம் தேவை.

அவரை, பீன்ஸ் போன்ற பெரிய விதைகள் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஏனென்றால் மூன்று நாளில் எட்டிப் பார்க்கும். இந்தத் திட்டத்துக்கு அவை சரிப்படாது. பெரிய விதை தன் பருப்பிலேயே சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறது. முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு மண்ணோ உரமோ அதற்குப் பெரிய பொருட்டே இல்லை. நான்கு அணியும் ஒரே மாதிரி வளரும், வகுப்பும் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடும். முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்குகளும் வேண்டாம்.

நாற்று: எல்லோருக்கும் ஒரே தொடக்கம்

விதை எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே வகைக் கட்டியில் போடுங்கள். ஸ்பாஞ்ச் துண்டு, ராக்வுல் (பாறையை உருக்கி நூற்ற பஞ்சு), தென்னை நார் உருண்டை, எதுவானாலும் சரி. மண் அணியின் விதையை மண்ணிலும் தண்ணீர் அணியின் விதையை ஸ்பாஞ்சிலும் போட்டால், பந்தயம் தொடங்கும் முன்பே ஒருவர் பத்தடி முன்னால் நிற்பார்.

தேவைக்கு ஒன்றரை மடங்கு போடுங்கள். 24 செடி வேண்டுமென்றால் 36 விதை. சுமார் இரண்டு வாரத்தில் இரண்டு, மூன்று உண்மையான இலைகள் வரும். முதலில் வரும் ஜோடி வித்திலை, அது கணக்கில் சேராது. மிகப் பெரியதையும் மிகச் சிறியதையும் ஒதுக்கிவிட்டு நடுத்தரமான 24-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எது எந்த அணிக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கையால் பிரித்தால் நம்மை அறியாமலே நல்ல நாற்று பிடித்த அணிக்குப் போய்விடும். எனக்கே அது நடந்திருக்கிறது.

பாத்திரமும் மண்ணும்

தண்ணீர் அணிக்கு 2 லிட்டர் கொள்ளும் மூடிபோட்ட டப்பாவோ பாட்டிலோ போதும். முழு லெட்டூஸாக வளர்த்து எடுக்க 4 லிட்டர் வரை வேண்டியிருக்கும், நமக்கு அவ்வளவு வேண்டாம். வெளிச்சம் உள்ளே புகக் கூடாது. கறுப்பு டேப்போ அலுமினியத் தாளோ சுற்றிவிடுங்கள். வேர் தெரியட்டும் என்று கண்ணாடி பாட்டிலை அப்படியே வைத்தால் பத்து நாளில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும், செடிக்கு வைத்த சத்தைப் பாசி தின்னும். வேரைப் பார்க்க ஆசை என்றால் தாளில் ஒரு சின்னக் கதவு வெட்டி, பார்த்துவிட்டு மூடுங்கள். மூடியில் இடைவெளி விடாதீர்கள். தேங்கிய தண்ணீர் கொசுவுக்கு அழைப்பிதழ்.

மண் அணிக்கும் 2 லிட்டர் தொட்டி, அடியில் துளை, கீழே தட்டு.

மண்ணில்தான் ஒரு சூட்சுமம். பையில் வரும் நடவுக் கலவை பலவற்றில் மண்ணே இருக்காது. தென்னை நார்க் கழிவு, பீட் (சதுப்பு நிலத்து மட்கு), பெர்லைட் (சூட்டில் பொரித்த எரிமலைக் கல்) கலந்திருப்பார்கள், பல நேரம் உரமும் சேர்த்திருப்பார்கள். உரம் சேர்த்த கலவையில் அ அணியை வளர்த்தால் அது வெறும் தண்ணீர் அணியாக இருக்காது. வெறும் தென்னை நார்க் கழிவில் ஊட்டக் கரைசல் ஊற்றி வளர்த்தால் அதுவும் ஹைட்ரோபோனிக்ஸில் ஒரு வகைதான். ஆகவே உண்மையான தோட்ட மண்ணை எடுங்கள். தொட்டியில் இறுகிப்போகாமல் இருக்க மூன்றில் ஒரு பங்கு மட்கிய உரம் கலந்து சலியுங்கள். எல்லாத் தொட்டிக்கும் ஒரே குவியலிலிருந்து நிரப்புங்கள். மட்கிய உரத்தில் சத்து இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது. மண் என்றால் கல்பொடி மட்டும் இல்லை, மக்கும் பொருளும் அதைச் சிதைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்ததுதான் மண். அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால் போதும்.

ஊட்டக் கரைசல்

சாதாரணத் தோட்ட உரத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டால் ஆச்சு என்று நினைக்க வேண்டாம். யூரியாவையும் இயற்கை உரத்தையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுத்தால்தான் செடியால் நன்றாகப் பயன்படுத்த முடியும். பாட்டில் தண்ணீரில் அந்தப் படை இல்லை. ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே விற்கும் உரம்தான் வேண்டும். தழைச்சத்து நைட்ரேட் வடிவில் இருக்கும், சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), மெக்னீசியம் இவற்றோடு இரும்பு முதலான நுண்சத்துகளும் இருக்கும்.

பெரும்பாலும் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வரும். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அடர்த்தியான நிலையில் கால்சியமும் சல்பேட், பாஸ்பேட்டும் சேர்ந்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். முதலில் தண்ணீர், அதில் ஏ, நன்றாகக் கலக்கி அப்புறம் பி. வேண்டுமென்றே ஒரு சொட்டு ஏ-யையும் ஒரு சொட்டு பி-யையும் சோதனைக் குழாயில் கலந்து காட்டுங்கள், வேதியியல் பாடம் இலவசம்.

முதல் வாரம் உர பாட்டிலின் லேபிளில் சொன்னதில் பாதி அளவு, பிறகு முழு அளவு. ஈசி மீட்டர் (கரைசல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்து அதில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) இருந்தால் லெட்டூஸுக்கு சென்டிமீட்டருக்கு 1 மில்லிசீமன்ஸை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் இடையே இருக்க வேண்டும், அதற்குச் சோதனைத் தாளே போதும். பிஎச் ஏறிவிட்டால், கரைசலில் இரும்பு இருந்தாலும் அது செடிக்குக் கிடைக்காது. எலுமிச்சைச் சாறு விட்டால் இறங்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிடுவதால் சில நாளில் மறுபடி ஏறும். கடையில் கிடைக்கும் பிஎச் குறைப்பான் நிலையாக வேலை செய்யும். அதை ஆசிரியர் மட்டுமே கையுறை போட்டுக் கையாள வேண்டும்.

நடும்போது ஸ்பாஞ்சின் அடிப்பகுதி ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கரைசலில் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். பிறகு மட்டம் இறங்கும்போது பிள்ளைகள் பதறிப்போய் நிரப்பிவிடுவார்கள். விடாதீர்கள். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராமுக்கு மேல். காற்றுக்குப் பழகிய வேரைத் திடீரென்று முழுக்கினால் அது மூச்சுத் திணறி அழுகும். மட்டம் ரொம்ப இறங்கிவிட்டால் கொஞ்சம் சேர்க்கலாம், மேல்வேர்கள் எப்போதும் வெளியே இருக்கட்டும்.

வெளிச்சமும் இடமும்

ஜன்னலோரம் என்றால் ஜன்னலுக்கு அருகில் இருக்கும் செடிக்கும் இரண்டடி தள்ளி இருக்கும் செடிக்கும் வெளிச்சம் பெரிய அளவில் வேறுபடும். அணி வாரியாக வரிசை கட்டாமல் நான்கையும் கலந்து வையுங்கள், வாரம் இரண்டு முறை இடம் மாற்றுங்கள். எல்இடி விளக்கு இருந்தால் டைமர் போட்டு நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். ஒயரும் பிளக்கும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

என்ன அளப்பது?

உயரம் ஏமாற்றும். வெளிச்சம் போதாத செடிதான் நெட்டையாக, வெளிறிப்போய் நீளும். அதற்கு முதல் பரிசு கொடுத்துவிடுவோம். வாரம் ஒரு முறை இலைகளை எண்ணுங்கள், பெரிய இலையின் நீள அகலத்தைக் குறியுங்கள். செடிகளுக்கு எண் மட்டும் ஒட்டி, எந்த எண் எந்த அணி என்று தெரியாத ஒருவர் நிறத்துக்கு மதிப்பெண் போட்டால் இன்னும் நல்லது.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். அடியிலுள்ள பழைய இலை முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து அதை உருவிப் புதிய இலைக்கு அனுப்புகிறது. இ அணியில் இதைப் பார்ப்பீர்கள். குருத்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு கிடைக்கவில்லை. உடனே பிஎச் பாருங்கள்.

தண்ணீர்ச் செலவுக்குத் தராசே போதும். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லிலிட்டர் போயிருக்கிறது. தண்ணீர்ப் பாத்திரத்தை வாரம் ஒரு முறை எடை போடுங்கள். மண் தொட்டிக்கு ஊற்றிய அளவையும் தட்டில் வடிந்த அளவையும் குறியுங்கள். செடியே இல்லாத ஒரு மண் தொட்டி, ஒரு மூடிய டப்பா இரண்டையும் கூடவே வைத்தால் தானாக ஆவியாவது எவ்வளவு என்று தெரியும். ஹைட்ரோபோனிக்ஸ் தண்ணீரைப் பல மடங்கு மிச்சப்படுத்தும் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குகள் பெரும்பாலும் திறந்த வயலோடு ஒப்பிட்டுச் சொல்பவை. வயலில் ஊற்றியதில் ஒரு பகுதி ஆழத்துக்கு இறங்கிவிடும், ஒரு பகுதி ஆவியாகும். தட்டு வைத்த தொட்டியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுருங்கும்.

நட்ட நான்காவது வாரக் கடைசியில் அறுவடை. மண்மட்டத்திலோ ஸ்பாஞ்ச் மட்டத்திலோ வெட்டி, உடனே எடை போடுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலும் வாடி எடை குறையும். பிறகு 70 டிகிரி சூட்டில் எடை மாறாத வரை காய வைத்து உலர் எடை எடுங்கள். லெட்டூஸில் 95 விழுக்காடு அளவுக்குத் தண்ணீர்தான். 40 கிராம் செடி காய்ந்தால் 2 கிராம்தான் நிற்கும், அதனால் 0.1 கிராமாவது காட்டும் தராசு தேவை. வேரை ஒப்பிட வேண்டாம். மண்ணைக் கழுவும்போது நுண்வேர் எல்லாம் அறுந்துபோகும், மண் அணிக்கு அது அநியாயம்.

எண்களைப் படிப்பது

சராசரியை மட்டும் போடாதீர்கள். ஒரு கற்பனை உதாரணம்: ஈ அணியின் எடைகள் 18, 22, 9, 25, 20, 21 கிராம். ஆ அணியின் எடைகள் 16, 19, 21, 17, 23, 18. சராசரி 19.2, 19.0. "0.2 கிராம் வித்தியாசத்தில் தண்ணீர் வெற்றி" என்று எழுதினால் சிரிப்பார்கள். ஒவ்வொரு செடியையும் ஒரு புள்ளியாக வரைபடத்தில் வையுங்கள். இரண்டு கூட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதும், அந்த 9 கிராம் செடி தனியாக நிற்பதும் தெரியும். அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்பது சராசரியைவிடப் பயனுள்ள கேள்வி. செத்த செடியையும் மறைக்காமல் பதிவு செய்யுங்கள்.

ஆ, ஈ அணிகள் அருகருகே வந்தால் திட்டம் தோற்றுவிட்டது என்று பிள்ளைகள் முகம் வாடும். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெரிக்கி 1930-களில் தொட்டிக் கரைசலில் ஆள் உயரத்தைத் தாண்டிய தக்காளிச் செடிகளை வளர்த்துக் காட்டிப் பெரும் பரபரப்பை உண்டாக்கினார். 1937-ல் ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரை அச்சில் கொண்டுவந்தவரும் அவர்தான். அதே பல்கலைக்கழகத்தில் டெனிஸ் ஹோக்லாந்தும் டேனியல் ஆர்னனும் அதைச் சோதித்துப் பார்த்து 1938-ல் எழுதினார்கள். நல்ல மண்ணோடு ஒப்பிட்டால் கரைசலில் விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை என்பது அவர்கள் கண்டது. கரைசல் முறைக்கு மண் கெட்ட இடத்திலும், மண்ணே இல்லாத இடத்திலும்தான் உண்மையான மதிப்பு. உங்கள் வகுப்பு அதே முடிவுக்கு வந்தால் நல்ல துணையோடுதான் வந்திருக்கிறது.

விளக்கு பயன்படுத்தியிருந்தால் ஒரு கணக்கு பாக்கி. 20 வாட் விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் 35 நாள் எரிந்தால் 11.2 யூனிட் மின்சாரம். அதைக் கிடைத்த இலையின் எடையால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பில் விவாதம் தானாகத் தொடங்கிவிடும்.

கடைசியாக, மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். டப்பாக்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, காயவைத்து, எண் அழியாமல் அடுக்கி வையுங்கள். அடுத்த வகுப்புக்கு அதே 24 போதும்.